குறைந்த தைராய்டு: சரியான மருந்தும் சரியான அளவும் கிடைக்கும்வரை செய்ய வேண்டியவை

எங்கள் சமையலறை ஜன்னல் திட்டில், அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி, என் தைராய்டு மாத்திரைப் பாட்டில் இருந்தது. காலை ஐந்தரைக்கு எழுந்து பாலை அடுப்பில் வைப்பேன். மாத்திரையை வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பேன். பால் பொங்கி வருவதற்குள் டிகாக்ஷன் டம்ளரில் இறங்கியிருக்கும். காபி கலந்து குடித்துவிடுவேன். இரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. 50 மைக்ரோகிராமில் தொடங்கிய மாத்திரை 75 ஆனது, பிறகு 100 ஆனது. தைராய்டு குறைந்தால் ஏறும் ரத்தப் பரிசோதனை எண்ணான டிஎஸ்எச் மட்டும் 9, 11, 8 என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. களைப்பும் போகவில்லை, கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதும் நிற்கவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் சீட்டு எழுதுவதற்கு முன் கேட்டார்: "மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சும்மா காபி குடிக்கிறீங்க?" சொன்னேன். அளவை அவர் ஏற்றவில்லை. காபியை ஒரு மணி நேரம் தள்ளச் சொன்னார், டிபனோடு போட்டுவந்த கால்சியம் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார், பாட்டிலைப் படுக்கையறை அலமாரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். எட்டு வாரத்தில் டிஎஸ்எச் 0.2-க்கு இறங்கிவிட்டது. 100 அதிகமாகிப்போய், மறுபடி 75-க்கே வந்தேன்.

"மருந்து எனக்கு ஒத்துக்கலை" என்று சொல்லும் பலரிடம் பேசிப் பார்த்தால் இதுபோல ஒரு காரணம் இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். டாக்டருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். அவரைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்பது, வீட்டில் எதைச் சரிசெய்வது என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

முதலில், உடம்புக்குள் என்ன நடக்கிறது

தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, மூச்சுக்குழாயை அணைத்தபடி பட்டாம்பூச்சி வடிவில் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. அது டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. பெரும்பகுதி டி4, அதை உடம்பின் மற்ற உறுப்புகள் தேவைக்கேற்ப டி3-ஆக மாற்றிக்கொள்கின்றன. இதயத் துடிப்பு, உடல் சூடு, குடலின் வேகம், மாதவிடாய், மனநிலை எல்லாவற்றிலும் இதற்குக் கை உண்டு.

டிஎஸ்எச் இந்தச் சுரப்பியில் ஊறுவதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை அது. தெருவில் விளையாடும் பிள்ளையை வாசலில் நின்று கூப்பிடும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வந்துவிட்டால் குரல் அடங்கும். வராவிட்டால் குரல் ஏறிக்கொண்டே போகும். தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய டிஎஸ்எச் ஏறுகிறது. "எனக்கு டிஎஸ்எச் கூடியிருக்கு, அப்ப தைராய்டு அதிகம்தானே?" என்ற குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. டிஎஸ்எச் கூடினால் தைராய்டு குறைவு.

நம் ஊரில் பெரியவர்களுக்கு வரும் குறைவுக்கு முக்கியக் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவது. 1912-இல் இதை விவரித்து எழுதிய ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரே இந்த நோய்க்கு நிலைத்துவிட்டது. தைராய்டு ஆபரேஷன், ரேடியோ அயோடின் சிகிச்சை, மனநோய்க்குத் தரும் லித்தியம், இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன் போன்ற மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

படி 1: சந்தேகப்பட வேண்டிய நேரம்

தூங்கி எழுந்தும் தீராத அசதி, மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருக்கும்போது நமக்கு மட்டும் குளிர், மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், குரல் கட்டினாற்போல் கரகரப்பு, காலையில் முகமும் கண் இமையும் வீங்கியிருத்தல், மாதவிடாயில் அதிகப் போக்கு, மறதி, காரணமில்லாத சோர்ந்த மனம். இவற்றில் மூன்று நான்கு சேர்ந்து சில மாதங்களாக இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. திடீரென்று கொலஸ்ட்ரால் ஏறியவர்களும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும், வீட்டில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இது இருப்பவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆனால் இதே அசதி ரத்தசோகையிலும் வரும், பி12 குறைந்தாலும் வரும், சர்க்கரையிலும் வரும். தைராய்டு பார்க்கும்போதே ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, சர்க்கரை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நம் வீட்டுப் பெண்களில் தைராய்டும் ரத்தசோகையும் ஒன்றாக இருப்பது மிகச் சாதாரணம். ஒன்றுக்கு மட்டும் மருந்து எடுத்துக்கொண்டு, "மாத்திரை போட்டும் தெம்பே இல்லை" என்று வருஷக்கணக்கில் தவிக்கிறார்கள்.

படி 2: பரிசோதனைக்குப் போகும்போது

தொடக்கத்தில் டிஎஸ்எச், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் எதனோடும் ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4) இரண்டும் போதும். எதிர்ப்புச் சக்தி தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் டிபிஓ ஆன்டிபாடி டெஸ்டை, காரணம் தெரிய ஒரே ஒரு முறை பார்க்கலாம். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த எண்ணைக் குறைப்பது சிகிச்சையின் நோக்கம் அல்ல. கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் ஸ்கேன் தேவைப்படும், எல்லோருக்கும் தேவையில்லை.

சாப்பிடாமல்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் டிஎஸ்எச் விடிகாலையில் கூடி மதியத்தில் குறைவது இயல்பு. ஒரு முறை காலை ஏழு மணிக்கும் அடுத்த முறை மாலை நான்குக்கும் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே லேப், ஏறத்தாழ ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர்கள், ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஃப்ரீ டி4 கொஞ்சம் கூடிக் காட்டும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கவனியுங்கள். பல லேப்களில் பயன்படும் முறையில் பயோட்டின் புகுந்து கணக்கைக் குழப்பும்: டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். அதைப் பார்த்து மருந்தைக் குறைத்துவிட்டால் உடம்பு இன்னும் மோசமாகும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, டாக்டரிடமும் சொல்லுங்கள்.

படி 3: ரிப்போர்ட்டைப் படிப்பது

பெரும்பாலான லேப்களில் டிஎஸ்எச் எல்லை சுமார் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையையே பாருங்கள்.

டிஎஸ்எச் கூடி, ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் அது தெளிவான தைராய்டு குறைவு, மருந்து வேண்டும். டிஎஸ்எச் மட்டும் கூடி டி4 சரியாக இருந்தால் அது ஆரம்ப நிலைக் குறைவு. மூன்றாவது ஒரு வகை உண்டு, அரிதானது, எளிதில் தவறிப்போவது: டி4 குறைந்திருக்கும், ஆனால் டிஎஸ்எச் கூடியிருக்காது. அப்படியானால் கூப்பிட வேண்டிய அம்மாவுக்கே குரல் இல்லை, அதாவது பிட்யூட்டரியிலேயே கோளாறு. பிரசவத்தில் ஏராளமாக ரத்தம் போய், பிறகு பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாமல் போன பெண்களுக்கு இது வரலாம். இவர்களுக்கு, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் போதுமா என்று பார்த்த பிறகே தைராய்டு மருந்து தொடங்க வேண்டும். அதைப் பார்க்காமல் தொடங்குவது ஆபத்து. இந்த நிலையில் ஹார்மோன் சிறப்பு மருத்துவரிடம் போவது அவசியம்.

படி 4: டிஎஸ்எச் 5 முதல் 10 வரை இருந்தால் மாத்திரை தேவையா?

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. டிஎஸ்எச் 6.2 என்று வந்ததும் அன்றே பாட்டில் வாங்கிவிட வேண்டாம். காய்ச்சலுக்குப் பிறகோ வேறு காரணத்தாலோ ஏறியிருக்கலாம். இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி பார்த்தால் பலருக்குத் தானாகவே இறங்கியிருக்கும்.

மறுபடியும் கூடியே இருந்தால் வயது, அறிகுறி, ஆன்டிபாடி, கர்ப்பத் திட்டம் எல்லாவற்றையும் வைத்து டாக்டர் முடிவு செய்வார். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மருந்து உண்டு. கர்ப்பமாகத் திட்டமிடுபவர்களுக்குக் கீழ் எண்ணிலேயே தொடங்குவார்கள்.

வயதானவர்கள் கதை வேறு. வயது ஏற ஏற டிஎஸ்எச் கொஞ்சம் கூடுவது இயல்பு. 65 வயதும் அதற்கு மேலும் ஆன, ஆரம்ப நிலைக் குறைவு உள்ள 737 பேரை வைத்துச் செய்த ஒரு ஐரோப்பிய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அதில் மாத்திரை எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் களைப்பிலோ மற்ற அறிகுறிகளிலோ வித்தியாசம் தெரியவில்லை. 75 வயதுப் பாட்டிக்கு டிஎஸ்எச் 6 என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று துணிந்து சொல்லலாம். அந்த வயதில் மருந்து மிகுந்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், எலும்பு தேயும்; அதுதான் உண்மையான பயம்.

படி 5: எந்த மருந்து, எவ்வளவு

மருந்தின் பெயர் லெவோதைராக்சின். தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று பல பெயர்களில் கிடைத்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே: உடம்பு சுரக்க வேண்டிய அதே டி4. "ஆயுசுக்கும் மருந்தா, கிட்னி போயிடுமே" என்று அஞ்சுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வெளியிலிருந்து வரும் புதுப் பொருள் இல்லை இது. இல்லாததை ஈடுகட்டுகிறோம், அவ்வளவே. சரியான அளவில் எடுத்தால் கிட்னியைக் கெடுக்காது. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், முற்றிய நிலையிலிருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்தார். தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்ததே 1914-இல்தான். இன்று நம் கையில் இருப்பது அதைவிடப் பல மடங்கு துல்லியமான மாத்திரை.

சுரப்பி அடியோடு வேலை செய்யாத பெரியவருக்கு, கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது கணக்கு. 60 கிலோ என்றால் 100-க்குப் பக்கத்தில் வரும். பாதி வேலை செய்யும் சுரப்பிக்கு 25, 50 போதும். முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். அதனால் பக்கத்து வீட்டு அக்காவின் 100-ஐயும் உங்கள் 50-ஐயும் ஒப்பிட்டு, யாருக்கு நோய் அதிகம் என்று கணக்குப் போட வேண்டாம்.

படி 6: மாத்திரை போடும் முறை

வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. அதன்பின் முப்பது நிமிடமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், எதுவும் வேண்டாம். காபி, டீ, பால், சத்துமாவுக் கஞ்சி எதுவும் இதற்கு விதிவிலக்கு இல்லை. பாலில்லாத கடுங்காபியும் மருந்தைக் குடலில் சேரவிடாமல் தடுக்கும்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, ஜெலுசில் மாதிரியான வயிற்றெரிச்சல் மருந்து, சத்து மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தினமும் "கேஸ் மாத்திரை" போடுபவர்களுக்கு வயிற்று அமிலம் குறைவதால் தைராய்டு மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். இதை டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். மீல்மேக்கர், சோயாப் பாலை மாத்திரை நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

காலை நேரம் ஒத்துவராதவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் இருப்பவர்கள், காபி இல்லாமல் கண் திறக்காதவர்கள், டாக்டரிடம் கேட்டு ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது. ஏழரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கும் வீடுகளுக்கு இது நன்றாகவே பொருந்தும். நோன்பு மாதத்தில் இருப்பவர்களுக்கும் இந்தப் படுக்கை நேரக் கணக்கு கைகொடுக்கும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம். இந்த மருந்தில் பாதி குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். நினைவு வந்த அன்றே, வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வாரத்தில் மூன்று நாள் மறந்தால் டிஎஸ்எச் காட்டிக்கொடுத்துவிடும். டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போவது டாக்டரைத் திசை திருப்பும். விட்டது விட்டதுதான் என்று சொல்லிவிடுங்கள்.

பாட்டிலை அடுப்பருகில், ஃபிரிட்ஜ் மேலே, வெயில் படும் ஜன்னலில் வைக்காதீர்கள். சூடு, வெளிச்சம், ஈரம் மூன்றுமே இந்த மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். வேறு டப்பாவுக்கு மாற்றாமல் அதே பாட்டிலில் மூடி இறுக்கி வையுங்கள். மருந்துக்கடையில் "அந்தக் கம்பெனி இல்ல, இது குடுக்கவா?" என்று கேட்டால், முடிந்தவரை பழையதையே கேளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஆறு வாரத்தில் ஒரு டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள். அளவையும் பாட்டிலில் சரிபாருங்கள்: 12.5-உம் 125-உம் வெவ்வேறு, ஒரு புள்ளி பத்து மடங்கு.

படி 7: ஆறிலிருந்து எட்டு வாரம்

மருந்து தொடங்கினாலோ அளவு மாறினாலோ அடுத்த டெஸ்ட் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான். அதற்கு முன்னால் பார்க்கும் எண் பாதி வழியில் இருக்கும் எண். அதை நம்பி அளவை மாற்றினால் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருக்கும். எண் நிலைத்தபின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருஷத்துக்கு ஒரு முறை போதும். எண் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது.

படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, திடீர் எடைக் குறைவு வந்தால் மருந்து மிகையாகியிருக்கலாம். அடுத்த டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். எடை குறையட்டும் என்று தானாக மாத்திரையைக் கூட்டிக்கொள்வது மிகத் தவறு. தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோதான், அதிலும் நீரும் உப்புமே அதிகம். அதற்கு மேல் ஏறிய எடைக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

டிஎஸ்எச் சரி, உடம்பு சரியில்லை என்றால்

இப்படிச் சொல்பவர்களை "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிடுவது எனக்குக் கோபம் வரவைக்கும். மருந்தால் டிஎஸ்எச் சரியான பிறகும், பத்தில் ஒருவருக்கு அல்லது அதற்குச் சற்று மேல், அறிகுறிகள் தீராமல் இருப்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். முதலில் ரத்தசோகை, பி12, வைட்டமின் டி, சர்க்கரை, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கும் பருவம் எனத் தேடுங்கள். பெரும்பாலும் விடை இங்கேயே கிடைக்கும்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லையென்றால், டி4-உடன் கொஞ்சம் டி3 சேர்த்துத் தருவதைச் சில சிறப்பு மருத்துவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஆகாது. நாட்டு மருந்து எடுப்பவர்கள் எடுங்கள், ஆனால் அதை நம்பித் தைராக்சினை நிறுத்தாதீர்கள். பெயரில்லாத பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கர்ப்பம்

தாமதமே கூடாத இடம் இது. முதல் மூன்று மாதம் குழந்தை அம்மாவின் தைராய்டு ஹார்மோனையே பெரிதும் நம்பி இருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியான அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்டுவார்கள். வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது என்று தருவது வழக்கமான ஒரு முறை. "கர்ப்பமானால் உடனே என்ன செய்ய வேண்டும்?" என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், ஸ்கேன் தேதி வரை காத்திருந்து வாரங்களை இழக்க மாட்டீர்கள். டிஎஸ்எச் 2.5-க்குக் கீழே இருப்பது இலக்கு. ஐந்தாம் மாதம்வரை நான்கு வாரத்துக்கு ஒரு டெஸ்ட். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் நான்கு மணி நேரம் தள்ளியே. பிரசவத்துக்குப் பின் பழைய அளவுக்குத் திரும்பி ஆறு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். பால் கொடுக்கும்போதும் மாத்திரையைத் தொடரலாம்.

பிறந்த குழந்தைக்கும் ஒரு டெஸ்ட் உண்டு. நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தை தைராய்டு குறைவோடு பிறக்கிறது, பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கிவிட்டால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். டிஸ்சார்ஜ் ஆகும் முன் "தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

சாப்பாடும் உப்பும்

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மரவள்ளி, கம்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, என்னதான் சாப்பிடுவது என்று தெரியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அயோடின் போதுமான வீட்டில், வேகவைத்துச் சாதாரண அளவில் சாப்பிட்டால் இவை கெடுதல் செய்யாது.

1950-களில் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வில், மருத்துவர் ராமலிங்கசுவாமியும் சக ஆய்வாளர்களும் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துக் கழுத்துக் கழலை குறைவதைக் காட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இன்று கல் உப்பு, இந்துப்பு என்று பலர் அயோடின் இல்லாததற்குத் திரும்புகிறார்கள். பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று இருக்கிறதா பாருங்கள், அடுப்புப் பக்கம் திறந்து வைக்காமல் மூடி வையுங்கள். அதே சமயம், ஹாஷிமோட்டோ வந்தவரை உப்பு குணப்படுத்தாது. கடற்பாசி மாத்திரை போல அயோடினை அள்ளிப் போடுவது நோயைக் கூட்டவும் செய்யும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மருந்தை நீண்ட நாள் நிறுத்திய வயதானவர் உடம்பு சில்லிட்டு, எழுப்பினால் எழாமல் மயங்கிக் கிடந்து, மூச்சும் நாடியும் மெதுவாகிவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலோ சளியோ இதைத் தூண்டிவிடலாம். வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாத்திரை போடுபவருக்கு நெஞ்சுவலி, தாறுமாறான துடிப்பு வந்தாலும் உடனே போக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது கையில்

ஒரு நாற்பது பக்க நோட்டு. என்னுடையதில் ஒரு வரி இப்படி இருக்கும்: தேதி, மாத்திரை அளவு, கம்பெனி, டிஎஸ்எச், எடை, அந்த மாதம் விட்டுப்போன நாட்கள், புதிதாகச் சேர்த்த மருந்து. இரண்டு வருஷம் ஏறிக்கொண்டே போன மாத்திரை அளவுக்குப் பக்கத்தில், அன்றைக்கு நான் எழுதாமல் விட்ட விவரம் காபி. இப்போது மாத்திரை நேரத்துக்கும் காபி நேரத்துக்கும் தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறேன்: 5.30, 6.30.